மலிவான மர அரம்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

நேர்ப்பலகையை இழைப்புளி பார்த்துக்கொள்ளும். குழியை உளி பார்த்துக்கொள்ளும். கோடாரிக் காம்பின் கழுத்து, நாற்காலிக் கையின் வளைவு, கித்தாரின் கழுத்து உடலோடு சேரும் இடம் போன்ற பரப்புகளில்தான் இரண்டும் தடுமாறுகின்றன. மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று நழுவிப்போகும் இடங்கள் அவை. அங்கே வேண்டியது மர அரம். ராஸ்ப் என்று கேட்டாலும் கடைக்காரர் எடுத்துத் தருவார்.

சிக்கல் விலையில் தொடங்குகிறது. ஒரு முனை குவிந்து, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் அரைவட்டமாகவும் இருக்கும் 10 அங்குல அரம் ஊர் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதே நீளம், அதே வடிவம் கொண்ட பிரெஞ்சு அரம் ஒன்றின் விலை நூறு டாலரைத் தாண்டும். கப்பல் கூலியும் சுங்கமும் சேர்ந்தால் பத்தாயிரம் ரூபாயைச் சாதாரணமாகக் கடந்துவிடும். இடைப்பட்ட விலைகளில் ஜப்பான், இத்தாலி, செக், பாகிஸ்தான், மெக்சிகோ என்று பல நாட்டுச் சரக்கு. கையில் அளவான பணம் உள்ள ஒருவர் எதை வாங்குவது?

பெரும்பாலும் இதற்குச் சொல்லப்படும் பதில் “நல்லதாக ஒன்று வாங்குங்கள், காலத்துக்கும் நிற்கும்” என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரத்துக்கு உருவம் கொடுக்கும் வேலையில் முரட்டுக் கட்டம் ஒன்று, நுண்கட்டம் ஒன்று என இரண்டு உண்டு. இரண்டிலும் அரத்திடம் நாம் கேட்பது வேறு வேறு. முரட்டுக் கட்டத்துக்கு எவ்வளவு மலிவாக வாங்கினாலும் நட்டமில்லை. பணத்தைக் கொட்டுவதென்றால் நுண்கட்டத்தில் கொட்ட வேண்டும். அந்த நுண்கட்டத்தையும் வேறு வழியில் முடித்துவிடக் கூடியவர்கள் நம்மில் பலர். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்க அரத்தின் பல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

பல் எப்படி முளைக்கிறது

இரும்பை அராவும் அரத்தில் பற்கள் கோடுகளாக, பரப்பின் குறுக்கே வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும். மர அரத்தில் ஒவ்வொரு பல்லும் தனி ஆள். கூர்முனை கொண்ட பஞ்ச் ஒன்றை எஃகின் மேல் சாய்வாக நிறுத்தி ஓர் அடி அடித்தால் உலோகம் ஒதுங்கி மேடாக எழும்பும். அந்த மேடுதான் பல். பல்லுக்கு முன்னால் விழும் குழியில் மரத்தூள் தங்கி வெளியேறும். இப்படி ஆயிரக்கணக்கில் அடித்துவிட்டு, பிறகுதான் எஃகைச் சூடேற்றித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்குவார்கள்.

கடினமாக்கும்போது பல்லின் நுனி தீயில் வெந்து கரியிழந்துவிடக் கூடாது. அதற்காக மேலே ஒரு பூச்சு பூசுவது மிகப் பழைய உத்தி. 12-ஆம் நூற்றாண்டில் கைவினைகளைப் பற்றி நூல் எழுதிய தியோபிலஸ் என்ற துறவி, மாட்டுக் கொம்பைச் சுட்டுச் சுரண்டிய பொடியில் உப்பைக் கலந்து அரத்தின் மேல் தூவச் சொல்கிறார். கொம்பு எரிந்து கரி தரும். உப்பு உருகிப் படலமாக மூடும். இன்றைய உலைகளில் வேதிப்பொருள்கள் மாறியிருந்தாலும் நோக்கம் அதேதான்.

பல் தனித்தனியாக இருப்பதால் மர அரத்துக்கு ஒரு தனிச் சலுகை கிடைக்கிறது. இழைப்புளியின் வாய் அகலமானது; எதிர்ரேகை வந்தால் மரத்தைப் பிய்த்தெடுக்கும். அரத்தின் ஒரு பல் கடுகளவுகூட இல்லை. அது நாரைத் தூக்கிக் கிழிப்பதற்குள் தன் வேலையை முடித்துவிடும். வேம்பு, புளி போல ரேகை முன்னும் பின்னும் பின்னிக்கிடக்கும் மரங்களில் எந்தத் திசையிலிருந்து இழைத்தாலும் ஒரு பக்கம் பிய்யும். அரம் அங்கே திசை பார்ப்பதில்லை. அதற்குக் கூலியாக அது கீறல்களை விட்டுச் செல்கிறது. அந்தக் கீறல் எவ்வளவு ஆழம், எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதில்தான் விலை வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பற்கள் இயந்திரத்தில் நேர்வரிசையாக, சம இடைவெளியில் விழுந்தால் என்ன ஆகும்? முதல் வரிசைப் பல் போட்ட பள்ளத்திலேயே அடுத்த வரிசைப் பல்லும் ஓடும், அதற்கடுத்ததும் ஓடும். பள்ளம் ஆழமாகிக்கொண்டே போக, இடையிலுள்ள வரப்பு அப்படியே நிற்கும். கையை இழுக்க இழுக்க அரம் தடதடவென்று அதிர்வதும் இதனால்தான். பற்கள் ஒழுங்கு கலைந்து கிடந்தால் முதல் பல் விட்ட வரப்பை இரண்டாவது பல் வெட்டும். அது விட்டதை மூன்றாவது வெட்டும். அதே அளவுப் பல், அதே எஃகு, ஆனால் பரப்பு பாதிக் கீறலோடு கிடைக்கும். பிரெஞ்சு அரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஒழுங்கின்மைக்குத்தான் போகிறது.

கையடியும் இயந்திர அடியும்

கையால் பல் அடிப்பதில் பெயர் பெற்ற பட்டறைகள் இரண்டு, இரண்டும் பிரான்சில். தார்ன் மாவட்டத்தில் அல்பி நகரை ஒட்டிய சாஞ் ஜுவேரியில் ஒரியூ பட்டறை 1856 முதல் இயங்குவது. லியோஜியே பட்டறை தன் தொடக்கத்தை 1848 என்று சொல்லிக்கொள்கிறது. இரண்டிலும் ஒருவர் உட்கார்ந்து, ஒரு கையில் பஞ்ச்சும் மறு கையில் சுத்தியலுமாக ஒவ்வொரு பல்லாக அடிக்கிறார். கை சற்றே விலகும், சற்றே நெருங்கும். இயந்திரத்தில் குறை என்று சொல்லக்கூடிய அந்த விலகல்தான் இங்கே விற்பனைச் சரக்கு. பற்கள் விளிம்பு வரைக்கும், நுனி வரைக்கும் வருவது இன்னொரு நன்மை. ஒரு மூலைக்குள் நுனியைச் செருகி வேலை செய்யும்போது இதன் அருமை தெரியும். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் பல்வரிசையின் சாய்வை மாற்றித் தனித்தனியாக அடித்துத் தருகிறார்கள்.

இவர்கள் பல்லின் நுணுக்கத்தை 1 முதல் 15 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். 1 மிக முரடு, 15 மிக நைசு. நாற்காலி, இசைக்கருவி வேலைக்கு ஒன்றே ஒன்று வாங்குவோர் பெரும்பாலும் 9, 10 பக்கம் நிற்பார்கள்; முடிக்கும் வேலைக்கு 13. இந்த எண்முறையில் ஒரு நேர்மை இருக்கிறது: நீளம் மாறினாலும் எண்ணை வைத்துப் பல்லைக் கணித்துக்கொள்ளலாம். நம் கடை அரங்களில் அந்த வசதி கிடையாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கைவிலகலை இயந்திரத்திலேயே கொண்டுவர முடியாதா என்று முதலில் வெற்றிகரமாக யோசித்தவர் வில்லியம் நிக்கல்சன். அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரில் 1864-இல் அவர் தொடங்கிய நிறுவனம், பல் இடைவெளியை வேண்டுமென்றே சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வெட்டும் இயந்திரத்தால் வளர்ந்தது. அதன் வார்ப்புரு செய்வோருக்கான மர அரங்கள் 49, 50 என்ற எண்களால் அறியப்பட்டன. 49 சற்று முரடு, 50 அதனினும் நைசு. 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வளைமரவேலை செய்த பட்டறைகளில் இந்த இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒரு தரக்குறியீடாகவே வழங்கின. நிறுவனம் 1972-இல் கை மாறியது. பிற்பாடு உற்பத்தி அமெரிக்காவை விட்டு பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் போனது. இன்றும் பழைய அமெரிக்க முத்திரை உள்ள 49-ஐத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள். புதியது கெட்டுப்போய்விட்டது என்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். வாங்குபவர் கண்ணால் பார்த்து எடுத்தால் பிழைத்தார் என்பேன்.

இடைப்பட்ட விலையில் மூன்று வழிகள் உண்டு. இத்தாலியின் கொராடி, கையடியைப் போலவே பல் சிதறும்படி இயந்திரத்தில் வெட்டுகிறது. நியூயார்க்கின் புருக்ளினில் உள்ள ஒரு கருவிக்கடை கிராமர்சி என்ற பெயரில் விற்கும் அரங்கள் பாகிஸ்தானில் கையால் அடிக்கப்படுபவை, துருப்பிடிக்காத எஃகில். செக் நாட்டிலிருந்தும் கையடி அரங்கள் வருகின்றன. கூலி குறைந்த நாட்டில் அதே கைவேலை என்ற கணக்கில் இவற்றின் விலை பிரெஞ்சை விட இறங்கி நிற்கிறது. துருப்பிடிக்காத எஃகு நம் கடற்கரை ஊர்களுக்குச் சொந்த விஷயம் போலப் பொருந்தும்.

நம் கடையில் கிடைப்பது

அரம் செய்வதில் இந்தியா சின்ன நாடு அல்ல. ரேமண்ட் குழுமத்தின் ஜேகே பைல்ஸ் உலகின் மிகப் பெரிய அரம் உற்பத்தியாளர்களில் ஒன்று. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி, சிப்லூனிலும், மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரிலும் ஆலைகள் வைத்திருக்கிறது. அதன் சரக்கு வெளிநாட்டுக்கும் போகிறது. பாரிமுனையிலிருந்து சிற்றூர்க் கடை வரை தொங்கும் மர அரங்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட உள்நாட்டு இயந்திரச் சரக்குதான். பற்கள் வரிசையாக விழுந்தவை. முரட்டு வேலைக்கு இவை போதும்; பல சமயம் போதுமானதற்கும் மேல்.

வாங்கும்போது மூன்று செய்திகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது பெயர்க்குழப்பம். பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத் என்று கடைக்காரர் சொல்லும் மூன்றும் முரட்டிலிருந்து நைசுக்கு இறங்கும் வரிசை. ஆனால் அந்தச் சொற்கள் நீளத்தோடு சேர்த்தே பொருள்படும். 12 அங்குல செகண்ட் கட்டின் பல், 8 அங்குல செகண்ட் கட்டின் பல்லை விடப் பெரியது. நீளம் கூடினால் பல்லும் பெருக்கும். “செகண்ட் கட் தாருங்கள்” என்று மட்டும் கேட்டு வாங்கினால் எதிர்பார்த்ததை விட முரடான ஒன்றோடு வீட்டுக்கு வருவீர்கள். கேபினட் ராஸ்ப் என்று எழுதியிருப்பது சாதாரண மர அரத்தை விட நைசானது என்பதும் இதோடு சேர்ந்தது.

இரண்டாவது, கையில் எடுத்துப் பார்ப்பது. விளிம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கடினமாக்கும்போது வளைந்துபோன அரம் நிறைய உண்டு. அரைவட்டப் பக்கத்தில் பற்கள் விளிம்பை எட்டுகின்றனவா, அல்லது நடுவோடு நின்று ஓரம் வழுக்கையாகக் கிடக்கிறதா? வழுக்கை ஓரம் உள்ளது உள்வளைவுகளில் கையைத் தடுக்கும். பல்லின் நுனியில் விரல் நுனியை மெதுவாக வைத்து, வெட்டும் திசைக்கு எதிராக இழுத்துப் பாருங்கள். தோலைப் பற்ற வேண்டும். வழுக்கினால் பல் மழுங்கி அடிக்கப்பட்டிருக்கிறது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றாமல், ஒன்றோடொன்று உரசித் தொங்கும் கட்டிலிருந்து எடுக்காதீர்கள். எஃகுப் பல் எஃகுப் பல்லைத் தின்றுவிடும்.

மூன்றாவது பிடி. நம் கடைகளில் அரம் பெரும்பாலும் வெறும் வாலோடுதான் வரும். அப்படியே உள்ளங்கையில் பிடித்துத் தள்ளுவது ஆபத்து: அரம் திடீரென்று சிக்கி நின்றால் வால் உள்ளங்கையைக் குத்திவிடும். சில பத்து ரூபாய் கொடுத்து ஒரு மரப்பிடி வாங்கி அடித்துப் பொருத்தினால் முடிந்தது.

ஜப்பானியர் வேறு வழியில் போனது

மலிவு என்ற கேள்விக்கு இன்று உலகெங்கும் அதிகமாகச் சொல்லப்படும் விடை ஷின்டோ. ஜப்பானில் செய்யப்படும் இதில் அடித்த பல் ஒன்றுகூடக் கிடையாது. இரும்பறுக்கும் ரம்பத் தகடுகளைப் போன்ற பத்துத் தகடுகளைக் குறுக்கும் மறுக்குமாக வளைத்து, ஒன்றோடொன்று சேரும் இடங்களில் ஆணி அடித்து வலைபோலக் கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அங்குலத்துக்கு 11 பல், மறுபக்கம் 25 பல். வலையின் கண்கள் வழியாக மரத்தூள் மேலே கொட்டிவிடும். அடைப்பு என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் இதன் விலை 30 டாலரை ஒட்டி இருக்கும். நம் நாட்டில் இறக்குமதி விலையில், உள்ளூர் அரத்தைப் போல ஐந்தாறு மடங்கு.

இதன் வேகம் நம்ப முடியாதது. கோடாரிக் காம்புக்கு வெட்டிய சதுரக் கட்டையின் மூலைகளை எண்கோணமாக்கி, பிறகு உருட்டுவதற்கு வாய்ச்சியை எடுக்கவே வேண்டாம். 25 பல் பக்கம் விடும் பரப்பும் அதன் விலைக்கு மிக நன்று. குறை ஒன்றுதான்: அது தட்டை. உள்வளைவில் அது நுழையாது. குழிந்த கழுத்து, வட்டத் துளையின் உள்பக்கம், நாற்காலி முதுகின் பள்ளம் எங்கும் உதவாது. அதனால் ஷின்டோ அரைவட்ட அரத்துக்கு மாற்று அல்ல, அதன் முன்னோடி வேலைக்காரன்.

ஜப்பானின் சான்ஜோ நகரம் இரும்புக் கருவிகளுக்குப் பேர்போனது. அங்கிருந்து வரும் இவாசாகி இன்னொரு வகை. இதன் பற்கள் தனித்தனிப் புள்ளிகள் அல்ல; வளைந்த கூர்விளிம்புகள் வரிவரியாக நிற்கும். அது கீறுவதை விட இழைப்பது அதிகம். அதனால் பரப்பு வியக்கத்தக்க வழவழப்போடு வரும். கூர்விளிம்பு என்பதால் எதிர்ரேகையில் கொஞ்சம் கவனம் தேவை, கீழே விழுந்தால் எளிதில் உடையும். தட்டை, அரைவட்டம், உருண்டை என்று வடிவங்களும் உண்டு. நுண்கட்டத்துக்குப் பிரெஞ்சு விலை கொடுக்க முடியாதவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

தகட்டில் துளைத்த பற்கள்

எகிப்தின் தீப்ஸில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டியெடுத்த அசீரிய இரும்புக் கருவிகளில் ஓர் அரம் இருந்தது. இரும்புத் தகட்டில் துளைகளை அடித்து, துளையின் விளிம்பு வெளியே துருத்தும்படி தகட்டைச் சுருட்டிச் செய்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் தோன்றி, பிறகு ஸ்டான்லி நிறுவனத்தின் பெயரோடு உலகெங்கும் பரவிய சர்பார்மும் அடிப்படையில் இதே யோசனைதான். மெல்லிய எஃகுத் தகடு, துளைகள், துளைக்குப் பின்னால் கூர்நாக்கு. காய் சீவும் துருவியை மரத்துக்குப் பெரிதாக்கியது என்று சொல்லிவிடலாம்.

இந்த ஒப்புமை தலைகீழாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் கிரேஸ் மேனுபேக்சரிங் என்ற நிறுவனம் தகட்டை அமிலத்தில் அரித்துக் கூரான துளைகளை உண்டாக்கும் முறையில் மைக்ரோபிளேன் என்ற மர அரத்தைச் செய்தது. 1994-இல் கனடாவின் ஒட்டாவாவில், மரவேலைக் கருவிக்கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த லொரெய்ன் லீ, கேக்குக்கு ஆரஞ்சுத் தோலைச் சீவ முடியாமல் கணவர் கொண்டுவந்த அந்த அரத்தை எடுத்துச் சீவினாராம். தோல் பூப்போல உதிர்ந்தது. கடையின் விலைப்பட்டியலில் அந்தச் செய்தி ஏறியது. இன்று மைக்ரோபிளேன் என்றால் உலகம் சமையலறைத் துருவியைத்தான் நினைக்கிறது.

மரவேலைக்கு இந்தத் தகட்டு வகை எப்படி? சுத்தமாக வெட்டும், அடைக்காது, மழுங்கினால் தகட்டை மட்டும் மாற்றலாம். மென்மரத்தில், பஞ்சுபோன்ற மாமரத்தில் மிக இனிமை. நம் வைரம் பாய்ந்த மரங்களில் தகடு நெளியும், பல் சீக்கிரம் போகும். மாற்றுத் தகடு ஊரில் கிடைக்காவிட்டால் கருவி மொத்தமும் பெட்டியில் கிடக்கும். மலிவு போலத் தெரிந்து மலிவில்லாமல் போகும் கருவி என்று இதைத்தான் சொல்வேன்.

ஆக மலிவான முரட்டு அரம் வேறொரு தொழிலில் கிடக்கிறது. குதிரைக்கு லாடம் அடிப்பவர் குளம்பைச் சமப்படுத்த, 14 அங்குல நீளத்தில், ஒரு பக்கம் முரட்டு அரம், மறுபக்கம் வரி அரமாக உள்ள கனமான கருவியைப் பயன்படுத்துகிறார். குளம்பு கடினமானது; அதில் பல் கொஞ்சம் தேய்ந்தாலும் அவருக்கு அது உதவாது, தூக்கிப் போட்டுவிடுவார். அந்தத் தேய்ந்த பல் மரத்துக்கு இன்னும் பல ஆண்டுகள் போதும். சொல்லப்போனால் சிறிது தேய்ந்தது புதியதை விடக் குறைவாகக் கீறும். பந்தயக் குதிரை லாயங்கள், குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கும் ஊரில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மரமும் கணக்கில் வரும்

கருவியைப் பற்றி எழுதும் வெளிநாட்டார் வால்நட்டையும் மேப்பிளையும் வைத்துப் பேசுகிறார்கள். நாம் தேக்கில் கை வைப்பவர்கள். தேக்கில் சிலிக்கா இருக்கிறது. மணல் கலந்த மரத்தை அராவுவது போல அது பல்லை மழுங்கடிக்கும். கூடவே எண்ணெய்ப் பசையால் தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். தென்னை மரத்தின் வெளிவயிரம் இன்னும் மோசம், கருவிகளைத் தின்பதில் பேர் பெற்றது. இவற்றில் தினமும் வேலை செய்பவர் விலையுயர்ந்த கையடி அரத்தைப் பலி கொடுப்பது புத்திசாலித்தனம் அல்ல. முதல் உருவத்தை மலிவு அரத்தில் எடுத்துவிட வேண்டும். பிரிட்டனின் பெர்மாகிரிட் போல டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களை எஃகில் ஒட்டிய அரங்களும் உண்டு. விமான மாதிரி செய்பவர்கள் விரும்பும் அவை, மழுங்குவது அரிது என்பதால் இந்த மரங்களுக்குத் தகும்.

பலா, வாகை போன்றவை எந்த அரத்துக்கும் இணங்கும். பனையின் கரிய வெளிநாரில் முரட்டு அரம் சிலும்பை எழுப்பிவிடும். அங்கே நைசு அரத்தில் பொறுமையாகப் போவதைத் தவிர வழியில்லை. எந்த மரமானாலும் விளிம்பைத் தாண்டி வெளியே தள்ளினால் கடைசி நார் பிய்ந்து வரும். இரு பக்கத்திலிருந்தும் உள்நோக்கி வருவதுதான் முறை.

தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வகைப்படுத்தியது. மின் உப்புத்தாள் இயந்திரம் எழுப்பும் நுண்தூள் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். அரத்தின் தூள் பருமனானது, காலடியில் விழும். கிரைண்டரில் முள் வட்டு மாட்டி ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு அரம் எதற்கு என்று கேட்பவருக்கு நான் சொல்லும் பதிலில் பாதி இதுதான். மீதிப் பாதி, கிரைண்டர் ஒருமுறை அதிகமாகத் தின்றுவிட்டால் திருப்பி ஒட்ட முடியாது என்பது.

எதை வாங்குவது

வீட்டில் கைப்பிடியும் ஸ்டூலும் செய்யும் ஒருவருக்கு உள்ளூர்த் தயாரிப்பில் 10 அங்குல அரைவட்ட மர அரம் ஒன்று, பாஸ்டர்டு இல்லாமல் செகண்ட் கட், ஒரு மரப்பிடி, ஒரு நார் பிரஷ். இவ்வளவுதான். நைசு அரம் வாங்க வேண்டாம். அரம் விட்ட கீறலை முன்னெல்லாம் நம் ஆசாரிகள் உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தார்கள். எஃகுத் தகட்டுச் சுரண்டியும் அதையே செய்யும். பிறகு 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி மேலே போனால் பரப்பு வந்துவிடும். நேரம் கொஞ்சம் கூடுதலாகும். மாதம் ஒரு வேலை செய்பவருக்கு அது பொருட்டல்ல.

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் முதலில் ஷின்டோ. முரட்டு வேலையின் பாரம் முழுவதும் அதன் மேல் போய்விடுவதால் அரைவட்ட அரம் நீண்ட நாள் வாழும்.

கையடி அரம் யாருக்குத்தான் வேண்டும் என்றால், நாள் முழுக்க வளைவுகளோடு வாழ்பவர்களுக்கு. கலிபோர்னியாவின் சாம் மலூப் (1916–2009) புகழ்பெறச் செய்த ஆடு நாற்காலியைப் பாருங்கள்: காலும் இருக்கையும் சேரும் மூட்டு எங்கே முடிகிறது, வளைவு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வேலையிலோ, கித்தார் கழுத்தை நாள்தோறும் உருட்டுபவரின் மேசையிலோ, உப்புத்தாளில் மிச்சமாகும் மணிநேரமே அந்த விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். அவருக்கும் என் யோசனை ஒன்றே ஒன்று: 9 அல்லது 10-ஆம் பல்லில், 250 மில்லிமீட்டர். பட்டியலைப் பார்த்து முரட்டுப் பல்லிலும் பிரெஞ்சு அரம் வாங்குவது வீண். 4-ஆம் பல் விடும் கீறலை எப்படியும் அடுத்த அரம் அழிக்கத்தான் போகிறது. அழியப்போகும் பரப்பின் அழகுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பெட்டியில் ஆறு, எட்டு என்று அடுக்கி வரும் மலிவுத் தொகுப்புகளைத் தொடாதீர்கள். அதில் இரண்டு அரம்தான் கையில் ஏறும். கத்திபோல் வளைந்த முனைகளோடு வரும் சிறு ரிப்ளர்களும் அப்படித்தான்: பொம்மை செதுக்குபவருக்கு உயிர், மற்றவருக்கு அலங்காரம்.

வைத்துக்கொள்ளும் முறை

மலிவு அரம் கெட்டுப்போவது பெரும்பாலும் வேலையில் அல்ல, வைக்கும் இடத்தில். ஒவ்வொன்றையும் துணி உறையிலோ, பி.வி.சி. குழாய்த் துண்டிலோ தனியாக வைக்க வேண்டும். தூளைத் துடைக்க எஃகுக் கம்பி பிரஷ் வேண்டாம். அது இரும்பு அரத்துக்கு ஆகும், மர அரத்தின் நுனியை மொட்டையாக்கும். தேங்காய் நார் பிரஷ் அல்லது நைலான் பிரஷ் போதும். தேக்குப் பிசின் அப்பியிருந்தால் சுடுநீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துத் தேய்த்து, உடனே வெயிலில் காயவைக்க வேண்டும். எண்ணெய் பூசினால் அடுத்த முறை தூள் முழுவதும் அதிலேயே ஒட்டும். மழைக்காலத்தில் மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்து, எடுக்கும்போது சுத்தமாகத் துடைத்துவிடலாம்.

தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்பி வரும்போது தூக்கிவிடுங்கள். நேராகத் தள்ளாமல் சற்றுச் சாய்த்து, அதே நேரம் பக்கவாட்டிலும் நகர்த்தினால் வரிசைப் பல் உள்ள மலிவு அரம்கூட ஒரே பள்ளத்தில் ஓடாது. இடையிடையே திசையை மாற்றிக் குறுக்கே போனால் வரப்புகள் உடைந்துவிடும். கையடிப்பவர் பல்லில் வைத்த ஒழுங்கின்மையில் ஒரு பங்கை இப்படிக் கையசைவில் நாமே கொண்டுவந்துவிடலாம், அதற்குச் செலவில்லை.

மழுங்கிய மர அரத்தைத் தீட்ட வீட்டு வழி எதுவும் உருப்படியாக இல்லை. அமிலத்தில் ஊறவைத்தால் துருவும் அழுக்கும் போகும், பல் கொஞ்சம் பற்றும். சில வாரங்களில் பழைய கதை. அதற்குமேல் அதைக் கொல்லரிடம் கொடுத்துக் கத்தியாக அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அது உயர்கரி எஃகானால் நல்ல கத்தியாகும். மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட மென்னிரும்பானால் விளிம்பு நிற்காது. சாணையில் ஒரு முனையைத் தொட்டுப் பார்த்தால் தெரியும்: கிளை கிளையாக வெடித்துச் சிதறும் பொறி வந்தால் கொல்லரிடம் போகலாம், நீண்ட கோடாக மங்கலாக ஓடினால் பழைய இரும்புக் கடைக்குத்தான்.